அத்திகி ஒன்று, அர்த்தம் ஊருக்கு ஒன்று: இனுயிட் உடுப்புப் பெயர்கள்

வணக்கம் மக்களே. திரையில் ஒரு படம் வைத்திருக்கிறேன், பாருங்கள். கரிபு மான் தோலில் தைத்த சட்டை, தலையை மூடும் தொப்பியும் சேர்ந்தே இருக்கிறது. பார்த்ததும் "பார்க்கா" என்று சொல்லிவிடுவோம். ஆனால் அது இனுயிட் சொல்லே கிடையாது. வட ரஷ்யாவின் நெனெத்ஸ் மொழிச் சொல், ரஷ்யர்கள் வழியாக அலாஸ்கா வந்து சேர்ந்தது. அப்படியென்றால் அங்கே உள்ளவர்கள் இதை என்னவென்று சொல்கிறார்கள்? யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அலாஸ்காவில் தொடங்கி, கனடாவின் வட கரை முழுக்கப் போய், கிரீன்லாந்து வரை இனுயிட் மக்கள் இருக்கிறார்கள். மொழிகள் எல்லாம் உறவு, வழக்குதான் இடத்துக்கு இடம் மாறும். மொழியின் பெயரே கனடாவின் வடகிழக்கில் இருக்கும் பாஃபின் தீவில் இனுக்டிடுட், கியூபெக் மாகாணத்தின் வட பகுதியான நுனாவிக்கில் இனுத்திடுட். ஒரு "க்" காணாமல் போய்விட்டது பாருங்கள். கனடாவின் வட பிரதேசமான நுனாவுட்டின் மேற்குக் கோடிக்குப் போனால் "ச" போய் "ஹ" வரும். வானிலைக்கும் வெளிப்புறத்துக்கும் கிழக்கே "சிலா", அங்கே "ஹிலா". காற்றுப் புகாமல் மேலே போடும் உறைக்குக் கிழக்கே "சிலபாக்" என்று பெயர், அதுவும் இந்தச் சிலாவிலிருந்து வந்ததுதான்.

சரி, சட்டைக்கு வருவோம். கிழக்கு நுனாவுட்டில் குளிர்கால உடுப்பு இரண்டு அடுக்கு. உள்ளே போடுவது அத்திகி, அதன் ரோமம் உடம்பைப் பார்த்து இருக்கும். மேலே போடுவது குலித்தாக், அதன் ரோமம் வெளியே பார்க்கும். கரிபு ரோமம் உள்ளே பொள்ளலாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் இந்த இரண்டு அடுக்கு அவ்வளவு கதகதப்பு. ஆனால் அலாஸ்காவின் இனுப்பியாக் மக்களிடம் போய் "அத்திகி" என்றால் உள்சட்டை என்று நினைக்க மாட்டார்கள். அங்கே முழு மேலங்கிக்கே அதுதான் பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நுனாவுட்டில் "அன்னுராக்" என்றால் பொதுவாகத் துணிமணி, எதுவாகவும் இருக்கலாம். அதே சொல் கிரீன்லாந்தில் சுருங்கி, தொப்பி வைத்த மேல்சட்டையை மட்டும் குறிக்கிறது. அங்கிருந்து டேனிஷ் மொழிக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், இன்று மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் "அனோரக்" ஆகிவிட்டது. சரி, கிரீன்லாந்தில் பொதுவாகத் துணிமணிக்கு என்ன சொல்? "அதிசத்". அது அத்திகிக்குச் சொந்தக்காரச் சொல், இரண்டுக்கும் வேர் "உடுத்து" என்பதுதான். அங்கே பொது, இங்கே குறிப்பு. இங்கே பொது, அங்கே குறிப்பு. இரண்டு சொல்லும் வீடு மாற்றிக்கொண்ட மாதிரி இருக்கிறது!

அடுத்து, அம்மாக்கள் போடும் அமௌத்தி. கிரீன்லாந்தில் இதையே "அமாத்" என்பார்கள். குழந்தை தொப்பிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கிறார்கள், அது தப்பு. முதுகுப் பக்கம் தனியாக ஒரு பை உண்டு, குழந்தை அதற்குள் அம்மாவின் முதுகோடு ஒட்டி இருக்கும். இடுப்பில் கட்டும் கச்சைதான் கீழே நழுவாமல் தாங்குகிறது. தொப்பி பெரிதாக இருப்பது இரண்டு தலையையும் சேர்த்து மூடுவதற்கு. பால் கொடுக்க வேண்டுமா, சட்டைக்குள்ளேயே குழந்தையை முன்பக்கம் கொண்டுவந்துவிடலாம், பனிக்காற்று படவே படாது. வெளி நிறுவனங்கள் இந்த வடிவத்தை எடுத்து வியாபாரம் பண்ணாமல் இருக்க, 1984-இல் தொடங்கிய பவுக்டுடிட் என்ற கனடா இனுயிட் பெண்கள் அமைப்பு பல வருடமாகப் போராடி வருகிறது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

காலுக்குப் போடுவது கமிக். கடைகளில் "முக்லுக்" என்று விற்பார்கள். அது அலாஸ்காவில் இருக்கும், இனுயிட்டுக்கு உறவான யூப்பிக் மக்கள் தாடி சீலுக்கு வைத்த பெயர், அதாவது மிருகத்தின் பெயர்! அந்தத் தோலில் பூட்ஸ் தைத்ததால் வெளியாட்கள் பூட்ஸுக்கே அதைச் சூட்டிவிட்டார்கள். இன்னொன்று, இனுக்டிடுட்டில் இரண்டுக்கென்று தனி வடிவம் உண்டு. ஒரு ஜோடி என்றால் "கமீக்", அதற்கு மேல் "கமீத்". கிரீன்லாந்தில் அந்த இருமை வடிவம் வழக்கொழிந்துவிட்டது.

கடைசியாக, ரோமச் சட்டை அழுக்காகாமல் மேலே போடும் பருத்தி அங்கி. இனுப்பியாக் மக்களுக்கு அது அத்திக்லுக், யூப்பிக் மக்களுக்குக் கஸ்பெக். ஆங்கிலத்தில் "குஸ்பக்" ஆகிவிட்டது. இப்போது அதைத் தனியாகவே, பூப்போட்ட துணியில் தைத்துப் போடுகிறார்கள். அலாஸ்கா சட்டமன்றத்தில் வெள்ளிக்கிழமை ஆனால் உறுப்பினர்கள் குஸ்பக்கில் வருவது வழக்கம், படங்கள் தேடிப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அடுத்த வீடியோவில் இதைத் தைக்கிற ஊசி, நூல், கத்தி பற்றிப் பேசலாம். வரட்டுமா.