வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் சேர்ந்தவுடன் கேட்கப்படும் கேள்வி இது. மருந்தாளுநரான எனக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, அப்புறம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை." எங்கள் அலமாரியில் பாதி மாத்திரைகள் வெள்ளைதான்!

கனடாவின் டொரன்டோ நகர மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, வீட்டில் எடுத்த மருந்துக்கும் வார்டில் எழுதிய மருந்துக்கும் இடையே யாரும் வேண்டுமென்று செய்யாத வேறுபாடு ஒன்றாவது இருந்தது. மிகுதியாக நடந்த தவறு, வழக்கமான மருந்து ஒன்று எழுதாமல் விடுபட்டுப் போனதுதான்.

நம் ஊரில் விடுபடுவதற்கு வழிகள் ஏராளம். மருந்துக் கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை கொடுத்தால், பெயர் மீதித் துண்டோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணில் விடும் சொட்டை மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் ரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும்; ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் விழுங்க வேண்டியது. அதைத் தினமும் என்று குறித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்சுலின் கதை தனி. இங்கே விற்கும் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கும். அதை, ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். நோயாளி "இருபது போடுகிறேன்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. வார்டில் சரியான சிரிஞ்சில் இருபது போட்டதும் சர்க்கரை தடாலென்று இறங்கி, ஆள் வியர்த்துக் கொட்டி மயங்குவார். அதனால் குப்பியோடு சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்கிறேன்.

சீட்டை அப்படியே நம்புவதும் தப்பு. சீட்டில் மூன்று பிரஷர் மாத்திரை இருக்கும். தலைசுற்றுகிறது என்றோ, கையில் காசில்லை என்றோ பெரியவர் ஒன்றைத்தான் விழுங்கியிருப்பார். மகனும் மருமகளும் எதிரில் நிற்கும்போது அதை ஒப்புக்கொள்ள மாட்டார். வார்டில் மூன்றும் ஒழுங்காகக் கொடுக்கப்படும். இரண்டாம் நாள் எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் சரிந்து கீழே விழுவார். ஆகவே "சாப்பிடுகிறீர்களா?" என்று நான் கேட்பதில்லை. "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போயிற்று?" என்பேன். உறவினர்கள் டீ குடிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கேட்டால் உண்மை வரும்.

சேரும்போது நேர்ந்த பிழை வீடுவரை தொடர்வதும் உண்டு. சர்க்கரைக்கான கிளைமிபிரைடு பட்டியலில் விடுபட்டிருந்தால், வார்டில் அதையே வேறு கம்பெனிப் பெயரில் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள். வீட்டு அலமாரியில் பழைய அட்டையும் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்குவார்கள். டிஸ்சார்ஜ் அன்று பழைய மாத்திரைகளைப் பையோடு மேசையில் கொட்டி, எவற்றை நிறுத்த வேண்டும் என்று எங்களிடம் கேளுங்கள். கூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். வணக்கம்.