கடைக் கணினியில் தமிழ்: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் எங்கே கை தடுமாறும்

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையிலோ தேவகோட்டை அச்சகத்திலோ இருக்கும் பழைய கணினியை விண்டோஸ் 11 ஏற்காவிட்டால், அதைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். அதில் திரை முகப்பை டெஸ்க்டாப் என்பார்கள், பல வகை உண்டு. நினைவகம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் நல்லது. 8 ஜிபி இருந்தால் க்னோம், கேடிஇ பிளாஸ்மா எதுவும் தாங்கும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதுகிறவர்கள் மட்டும் அந்த ஒரு கணினியில் கை வைக்காதீர்கள். அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருள்.

பளபளப்புக்கு நம்மிடம் ஆத்தங்குடித் தரைக்கல் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் பார்க்க வேண்டியது வேறு: தமிழில் ஒரு விலைப்பட்டியல் அடித்து, நாலு படம் சேர்த்து அனுப்பி முடிப்பதற்குள் எத்தனை இடத்தில் கை நிற்கிறது?

முதலில் நிற்பது தட்டச்சில். க்னோமில் அமைப்புகள், விசைப்பலகை என்று போய்த் தமிழைத் தேடினால் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரில் சில வரிகள் வரும். அவற்றில் டேப், திஸ்கி என்ற பெயர் ஒட்டியவை, இன்றைய பொது முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் எழுத்துகளைச் சேமித்த பழைய குறியேற்றங்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் திரையில் தமிழ் வராது, குப்பைதான் வரும். மற்றவையும் பாதி வேலைதான் செய்யும். அவை ஒரு விசைக்கு ஒரு குறியீட்டை அனுப்புமே தவிர, முன்னால் எந்த எழுத்து வந்தது என்று பார்க்கத் தெரியாதவை. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ‘பக்கம்’ என்று அடிக்க ப, க, க, ம, புள்ளி என ஐந்து விசை போதும். முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். அது விழ, ‘ஐபஸ் எம்17என்’ என்ற உள்ளீட்டு மென்பொருள் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, பட்டியலில் ‘தமிழ்99’ என்ற பெயருக்குப் பக்கத்தில் எம்17என் என்று இருப்பதைச் சேருங்கள். மொழி மாற்ற, சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்கள். பிளாஸ்மாவை வேலண்டில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை, பழையது எக்ஸ்11) ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு: விசைப்பலகை அமைப்பில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற பக்கத்தில் ஐபஸ் வேலண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டச்சுக்கான அமைப்பை அந்தப் பெயரில் ஒளித்து வைத்தது யார் யோசனையோ!

அடுத்தது படம். தரைக்கல் டிசைன் ஐம்பதைக் கைப்பேசியில் எடுத்தால் கோப்புப் பெயரெல்லாம் வெறும் எண். க்னோமில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் படங்களைச் சிறு கட்டங்களாகக் காட்டச் சொல்லி 2004-லேயே கோரிக்கை போனது. கிடைத்தது 2023 மார்ச்சில், 44-ஆம் பதிப்பில். ஆயிரம் படம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற சிலவற்றுக்கு மட்டும் கட்டம் போட்டு, உருட்டும்போது அதையே மறுபடி பயன்படுத்தும் கூறு, க்னோம் சாளரங்களைக் கட்ட உதவும் ஜிடிகே என்ற நிரல் தொகுப்பின் 4-ஆம் பதிப்பில்தான் வந்தது. அப்படியும் ஃபயர்ஃபாக்ஸ் சில கணினிகளில் பழைய சாளரத்தையே திறக்கும். முகவரிப் பட்டையில் ‘அபௌட்’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ‘ஃபைல் பிக்கர்’ என்ற இரு சொல்லையும் இடையில் சிறு கோடிட்டுத் தேடுங்கள். போர்ட்டல் என்ற சொல்லோடு வரும் வரியில் 2 என்பதை 1 ஆக்கினால் தீரும்.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று. ‘இதை அதற்கு நகர்த்து’ என்பதை ஆங்கிலத்தில் வினை, பொருள், இடம் என்ற வரிசையில் எழுதுகிறீர்கள். தமிழில் வினை கடைசியில் வரும். வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டினால் மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்? முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக (ஸ்ட்ரிங்) கொடுத்து, மாறிகளுக்கு முதலாவது, இரண்டாவது என்று எண் கொடுங்கள். வேற்றுமை உருபு அடுத்த வம்பு. கோப்பின் பெயர் ‘கணக்கு’ என்றால் ‘கணக்கு-ஐ நீக்கவா’ என்று வந்து நிற்கும். ‘இந்தக் கோப்பை நீக்கவா: கணக்கு’ என்று மொழிபெயர்த்தால் எந்தப் பெயரும் பொருந்தும். ‘ஓப்பன்’ என்ற ஒற்றைச் சொல் ‘திற’வா, ‘திறந்திருக்கிறது’ஆ என்பதைச் சூழல் குறிப்பில் எழுதிவிடுங்கள். பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் கட்டிவைத்தால் ‘ரத்துசெய்’ என்பது ‘ரத்து…’ என்று நிற்கும்.

பிழை கண்டால் க்னோமின் கிட்லேப் தளத்திலோ கேடிஇயின் பிழைத் தளத்திலோ பதியுங்கள். ‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்ற தலைப்பை வைத்து யாராலும் எதையும் பிடிக்க முடியாது. டெஸ்க்டாப்பின் பதிப்பு எண், ஓடுவது வேலண்டா எக்ஸ்11-ஆ, எந்த உள்ளீட்டு முறை, எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்தினீர்கள், ‘பக்கம்’ வர வேண்டிய இடத்தில் ‘பககம்’ வந்தது என்பது வரை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.