வார்டில் ஒரே கேள்வியை ஏன் மூன்று டாக்டர் கேட்கிறார்கள்?

(திரையில்: காலை நேரம், மெடிக்கல் வார்டு வாசல். கட்டில்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டுடன் நடமாட்டம்.)

வணக்கம். நுவரெலியா, பதுளை, டிக்கோயா, நாவலப்பிட்டி என்று எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, மெடிக்கல் வார்டில் ரெண்டு நாள் படுத்துவிட்டு வந்தவரிடம் பேசிப் பாருங்கள். இந்தக் குறை வந்தே தீரும். "விடியக்காலையில ஒரு சின்ன டாக்டர் வந்து காய்ச்சல் எப்ப தொடங்கிச்சுன்னு கேட்டாங்க. கொஞ்ச நேரத்துல இன்னொருத்தர் வந்து அதையே கேட்டாங்க. அப்புறம் பெரிய டாக்டரும் வந்து அதையேதான் கேக்குறாரு. இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?"

பேசிக்கொள்வார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டுத்தான் வருகிறார். தெரிந்தேதான் திரும்பக் கேட்கிறார்கள். காரணம் புரிய வேண்டும் என்றால், அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் யார் யார் என்று முதலில் பார்ப்போம்.

(திரையில்: ஏணிப் படம். கீழிருந்து மேலாக ஹெச்ஓ, எஸ்ஹெச்ஓ, ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார், விபி.)

முதலில் வருபவர் ஹெச்ஓ, அதாவது ஹவுஸ் ஆபீசர். ஐந்து வருட மருத்துவப் படிப்பை முடித்து, இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவோடு வந்தவர். ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அதில் ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொரு பிரிவு. இரத்தம் எடுப்பது, கட்டில் டிக்கெட் என்கிற நோயாளிக் குறிப்பை எழுதுவது, ரிப்போர்ட்டுக்கு ஓடுவது எல்லாம் இவர் தலையில்தான். வார்டில் யாருடைய கண் ரொம்பச் சிவந்திருக்கிறதோ, அவர்தான் ஹெச்ஓ என்று பந்தயம் கட்டலாம்.

அடுத்தவர் எஸ்ஹெச்ஓ, அதாவது சீனியர் ஹவுஸ் ஆபீசர், அனுபவம் கூடியவர். ரெஜிஸ்ட்ரார் என்பவர் விசேட வைத்தியர் ஆவதற்காகப் படித்துக்கொண்டிருப்பவர். 1980இல் தொடங்கிய, கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனம்தான் நாடு முழுவதற்கும் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. தெரிவுப் பரீட்சை, வருடக்கணக்கில் வார்டு வேலை, எம்டி பரீட்சை, அப்புறம் சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டில் ஒரு பயிற்சிக் காலம், கடைசியில் போர்டு சான்றிதழ். இத்தனையும் தாண்டி வந்தவரைத்தான் நாம் "பெரிய டாக்டர்" என்கிறோம். வார்டில் அவருக்குப் பெயர் விபி, அதாவது விசிட்டிங் பிசிஷியன்.

அமெரிக்காவில் மெடிக்கல் வார்டு பார்க்கும் இந்தப் பொது மருத்துவத் துறைக்கு ரெசிடென்சி என்று மூன்று வருடப் பயிற்சி. சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளிலும் அது நடக்கிறது. 2003இலிருந்து அங்கே வாரத்துக்கு 80 மணி நேரம் என்று சராசரி உச்சவரம்பும் உண்டு. நம்மூர் ஹெச்ஓ ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

நம் மலைநாட்டில் ரெஜிஸ்ட்ரார்கள் பெரும்பாலும் கண்டி, பேராதனை மாதிரி பெரிய இடங்களில்தான் இருப்பார்கள். ஆதார வைத்தியசாலை ஒன்றில் ஏணியின் நடுப்படி பல நேரம் காலியாகவே இருக்கும். விபிக்குக் கீழே நேராக ஹெச்ஓவும் எஸ்ஹெச்ஓவும்தான். ஆள் குறைவு என்பது நோயாளிக்குக் கஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சிக்கு வந்தவருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில் கைக்கு எட்டாத வேலை எல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம்.

(திரையில்: ஒரு நோயாளியின் கால், கணுக்கால், இடுப்புப் பகுதி. வரைபடமாக.)

ஒருவருக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. ஹெச்ஓ கேட்டதும் இவர் சொல்வது அவ்வளவுதான். அந்த நேரத்தில் தலை பாரமாக இருக்கும், பேசவே பிடிக்காது. எஸ்ஹெச்ஓ வரும்போது கொஞ்சம் தேறி இருப்பார். "வயல்ல இறங்கினீங்களா? மரக்கறித் தோட்டத்துல வேலையா? கான் துப்பரவாக்கினீங்களா?" என்று கேட்டால், "ஆமா, போன கிழமை" என்பார். இப்போது எலிக்காய்ச்சல் நினைவுக்கு வருகிறது. கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பார்கள், கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பார்கள். ஏனென்றால் அந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது.

விபி வந்து இன்னொன்று கேட்பார்: "காட்டுப் பக்கம், பற்றைப் பக்கம் போனீங்களா?" கேட்டுவிட்டு, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று யாரும் பார்க்காத இடமெல்லாம் தேடுவார். தேடுவது சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்த இடம் அது. கண்டுபிடித்துவிட்டால் ஸ்க்ரப் டைபஸ் என்று கிட்டத்தட்ட முடிவு. டொக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் ரெண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். வலிக்காத பொருக்கு என்பதால் நோயாளிக்கே அது இருப்பது தெரிந்திருக்காது. எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. விபி தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஹெச்ஓ, அடுத்த முறை தானே தேடுவார்.

டெங்கு இன்னொரு விதம். நுவரெலியாக் குளிரில், கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில், அந்த நுளம்புக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்து, வந்த அன்றே காய்ச்சலில் படுத்தால்? "எங்கே இருந்து வந்தீங்க?" என்ற ஒரு கேள்வியில்தான் அது பிடிபடும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த ஒன்றிரண்டு நாளும் ஹெச்ஓ மணிக்கணக்கு வைத்து பிரஷர், நாடி, சிறுநீர், பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) எல்லாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். சேலைனைக் கூட்டினாலும் பிழை, குறைத்தாலும் பிழை. இந்த வேலையைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. இன்னொன்று, டெங்கு சந்தேகம் இருந்தால் வலிக்கு டைக்ளோஃபெனக் போடவே கூடாது, பரசிட்டமோல் மட்டும்தான். பார்மசியில் நீங்களே வாங்கிப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் சொல்லுங்கள்.

(திரையில்: தேயிலை மலை. கொழுந்து பறிக்கும் பெண்கள். மரக்கிளையில் குளவிக் கூடு.)

மலைநாட்டு வார்டுக்கே உரிய ஒரு பாடம், குளவி கொட்டு. மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்தால் ஒருவர் இருவர் அல்ல, ஒரே நேரத்தில் பத்துப் பேர் லொறியில் வந்து இறங்குவார்கள். யார் முதலில் என்று சின்ன டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். சத்தம் போட்டு அழுகிறவரைக் கூடக் கொஞ்ச நேரம் விடலாம். மூச்சு இழுக்கிறவர், மயங்குகிறவர், உதடு வீங்கியவர்தான் முதல் ஆள். அவருக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி, பெரியவருக்கு அரை மில்லிகிராம். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. பிரிட்டோன் மாதிரி ஒவ்வாமை மருந்தும் ஸ்டீரொய்டும் அதற்கு அப்புறம்தான்.

அதோடு முடியவில்லை. நிறைய கொட்டு வாங்கியவர் அன்றைக்கு நன்றாக இருப்பார், "வீட்டுக்குப் போறேன்" என்பார். அவரைப் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. விஷம் தசையைச் சிதைத்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்தால் உடனே சொல்ல வேண்டும். அதனால்தான் "ஒண்ணுக்குப் போனீங்களா, என்ன நிறம்?" என்று வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

இந்த வார்டுகளில் கற்கும் இன்னொரு முக்கியமான விஷயம், யாரை இங்கே வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பது. நெஞ்சுவலிக்காரருக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். மாரடைப்பு என்றால் குழாய் வழியாக அடைப்பை நீக்கும் வசதி கண்டி மாதிரிப் பெரிய இடங்களில்தான். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு றம்பொடை வழியே எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல், அதுவும் வளைவு வளைவான பாதை. மழை நாளில் மண் சரிந்திருந்தால் கணக்கே வேறு. ஆகவே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அப்புறம் அம்புலன்ஸில் ஏற்றுவதுதான் பல நேரம் புத்திசாலித்தனம். குடும்பத்தார் "ஏன் உடனே கண்டிக்கு அனுப்பல்ல?" என்று கோபப்படுவது புரிகிறது. ஆனால் அந்த ஊசி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் வீணாகும் நேரம் இல்லை.

கிளினிக் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷர், சீனி வருத்தத்துக்கு மாதம் ஒருமுறை வரச் சொல்கிறார்கள். வந்தால் தோட்டத்தில் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் குறையும். அதனால் ஒரு மாதம் வருவார்கள், அடுத்த மாதம் வர மாட்டார்கள். "ஏன் மருந்து ஒழுங்காகப் போடுவதில்லை?" என்று அதட்டும் இளம் டாக்டர்மார் உண்டு. தோட்டத்து லய வீட்டில் விறகடுப்புப் புகையிலேயே முப்பது வருடம் சமைத்த அம்மாவிடம் "சிகரெட் குடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துகிறவர்களும் உண்டு. நல்ல விபி இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். எம்டி பரீட்சைக்கு இது வருமோ வராதோ, நுரையீரலுக்குப் புகை புகைதான்.

தமிழ் சரளமாக வராத டாக்டராக இருந்தால் பக்கத்தில் நிற்கும் உதவியாளர்தான் இடையில் நின்று சொல்வார். அவசரத்தில் பாதி விடுபடும். திரும்பக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிதானமாக, முதலிலிருந்து சொல்லுங்கள். "அந்த டாக்டர்கிட்ட சொல்லிட்டேனே" என்று நிறுத்திவிடாதீர்கள். ரெண்டாவது முறை சொல்லும்போது புதிதாக ஒன்று நினைவுக்கு வந்தால், முன்பு சொன்னதோடு முரண்பட்டாலும் பரவாயில்லை.

(திரையில்: கிளினிக் கொப்பி, மருந்து அட்டைகள், டயக்னோசிஸ் கார்ட்.)

வார்டுக்கு வரும்போது கிளினிக் கொப்பி, குடித்துக்கொண்டிருக்கும் மருந்தின் அட்டை, பழைய டயக்னோசிஸ் கார்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வீட்டுக்குப் போகும் அன்று புதிய டயக்னோசிஸ் கார்டைக் கையில் வாங்கியதும், அதை எழுதிய ஹெச்ஓவை ஒரு நிமிடம் நிறுத்தி, என்ன நோய், எந்த மருந்து எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் அவர் வேறு பிரிவுக்குப் போய்விடுவார், விபியும் ஒருநாள் இடமாற்றத்தில் போவார். அடுத்து வருபவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்தக் கார்டைத்தான்.