"எல்லாருக்கும் என்னைப் பிடிக்கணும்": இந்த வரத்துல ஒரு 'க்கு' காணாமப் போனா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு இன்ட்ரோ மியூசிக் கிடையாது. கடுப்புல இருக்கேன், நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன வீடியோவுல கதை எழுத ஒரு தலைப்பு கொடுத்தேன்ல? ஸ்கூல்ல பேசவே ஆள் இல்லாத 14 வயசுப் பொண்ணு, அவளுக்கு ஒரு வரம், மறுநாள்லேர்ந்து எல்லாருக்கும் அவளைப் பிடிக்குது. எழுதி அனுப்பினீங்க, சந்தோஷம். ஆனா பாதிப் பேர் கடைசி வரியில அலாரம் அடிக்க விட்டு அவளை எழுப்பிட்டீங்க. கனவாம்! கனவு முடிவுக்கு இந்தச் சேனல்ல என்ன மரியாதைன்னு தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க. மீதிப் பேர் கதையில ஒரு கண்ணாடி வந்து "நீ நீயாவே இரு"ன்னு வகுப்பு எடுக்குது. கண்ணாடி வேண்டாம், எரிநட்சத்திரம் வேண்டாம், பரண்ல கிடைக்கிற பழைய புஸ்தகம் வேண்டவே வேண்டாம்னு எத்தனை வீடியோவுல கத்தியிருக்கேன்!

சரி. வரக்கதையில முதல்ல எழுத வேண்டியது கதை இல்ல, வரம். அவ வாயால கேக்குற அந்த ஒரே வாக்கியம், மேற்கோள் குறிக்குள்ள. "அவள் நட்புக்காக ஏங்கி வேண்டிக்கொண்டாள்"னு எழுதினா அது வரம் இல்ல, வரத்தோட சுருக்கம். அதுல ஓட்டை போட முடியாது. ஓட்டை இல்லன்னா கதை இல்ல.

இப்ப இந்த போர்டைப் பாருங்க. இந்த மார்க்கர் சாகப் போகுதுன்னு மூணு வீடியோவாச் சொல்லிட்டிருக்கேன், மாத்தல. "எல்லாருக்கும் என்னைப் பிடிக்கணும்"னு எழுதினேன். நடுவுல 'க்கு' மட்டும் விழல. என்ன தெரியுது? "எல்லாரும் என்னைப் பிடிக்கணும்." ஐயோ மக்களே! எல்லாரும் அவளைத் துரத்திப் பிடிக்கணும்! ஒரு நாலாம் வேற்றுமை உருபு போச்சு, 'விரும்பறது' போயி 'கையைப் புடிச்சு இழுக்கிறது' வந்துடுச்சு. பெல் அடிச்சதும் மொத்த க்ளாஸும் அவ பின்னாடி ஓடுது, படிக்கட்டு, காரிடார், லேப் வரைக்கும். இத்தனை நாள்ல இந்த மார்க்கர் பண்ணின ஒரே உருப்படியான காரியம் இதுதான். தூக்கிப் போட மாட்டேன், ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன்.

இது புதுசும் இல்ல. கும்பகர்ணன் கதை அதுதானே? இந்திராசனம் கேக்கப் போனான், சரஸ்வதி நாக்குல உக்காந்தா, நித்திராசனம்னு வாயில வந்துடுச்சு. ஒரு எழுத்துப் பிசகு, ஆயுசுக்கும் தூக்கம். அதே நேரம் இரணியன் மாதிரியும் எழுதாதீங்க. பகல்ல கூடாது, ராத்திரி கூடாது, உள்ள கூடாது, வெளிய கூடாதுன்னு அவன் வக்கீல் மாதிரிக் கேட்டான். தனியா உக்காந்திருக்குற 14 வயசுப் பொண்ணு அப்படிக் கேக்க மாட்டா. அவசரத்துல, அழுகையை அடக்கிக்கிட்டு, அஞ்சு வார்த்தைக்குள்ள கேப்பா. "எல்லாரும் என்னைப் பத்திப் பேசணும்"னு கேட்டா வதந்தி. "எல்லாருக்கும் என் பேர் தெரியணும்"னு கேட்டா பேர் மட்டும் தெரியும், நோட்டீஸ் போர்டு மாதிரி. கேட்டது ஒண்ணு, அர்த்தம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்துல கதையை ஓட்டுங்க.

அடுத்து, 'எல்லாரும்'னா யாரு? இதை நீங்க யாருமே முடிவு பண்ணல. வாத்தியார் சேர்த்தியா? வாட்ச்மேன்? சொந்தத் தம்பி? எல்லை இல்லாத மந்திரத்துல எதுவும் நடக்கலாம், அப்ப எது நடந்தாலும் படிக்கிறவங்களுக்குப் பதறாது. நான் சொல்ற பொருள் வருகைப் பதிவேடு. எல்லா ஸ்கூல்லயும் இருக்கு, யாரும் மதிக்க மாட்டாங்க, அதுக்காகவே எனக்குப் பிடிக்கும். அன்னைக்குக் காலைல பேர் கூப்பிடறப்ப 'பிரசன்ட்' சொன்னவங்களுக்கு மட்டும் வரம் பலிக்கும். எல்லை தானா வந்துடுச்சு. வாத்தியார் பேர் அதுல இல்ல, பக்கத்து செக்‌ஷனும் இல்ல.

இப்ப கணக்கு. க்ளாஸ்ல 40 பேர்னு வைங்க. அவளைக் கழிச்சா 39. இடைவேளை 30 நிமிஷம். ஆளுக்கு அஞ்சே நிமிஷம் அவகூடப் பேசணும்னு ஆசை வந்தா 195 நிமிஷம் வேணும், மூணேகால் மணி நேரம். கையில இருக்குற அரை மணியில ஆறு பேரோடதான் பேச முடியும். மீதி 33 பேர் மனசு நோகுது. முதல் நாளே! நேத்து வரைக்கும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, இன்னைக்கு 33 பேருக்கு அவ திமிர் பிடிச்சவ. இந்தப் பிரச்சினைக்கு வில்லனே வேண்டாம். ஆனா நீங்க எல்லாரும் ஒரு வில்லியைக் கொண்டு வந்து, அவ பையில...

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். கணக்கு தப்பு. ஒருத்தர் அன்னைக்கு ஆப்சென்ட். அதைச் சொல்ல மறந்துட்டேன், அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம். அப்ப 38 பேர், 190 நிமிஷம், நோகுறது 32 பேர். போர்டுல மாத்திக்கறேன்... எழுதவே மாட்டேங்குது. சரி, மனசுல மாத்திக்கங்க. காய்ச்சல்ல லீவு போட்ட அந்தப் பையன் மூணாம் நாள் வர்றான். அவன் மேல மந்திரம் இல்ல. உள்ள நுழைஞ்சா 38 பேர் ஒரே ஒருத்தியைச் சுத்தி நிக்கிறாங்க. அவன் முகத்துல என்ன தெரியும்? அவன் ரகசியமா அவளை நேசிச்சவன்னு மட்டும் ஆக்கிடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். அவனுக்கு அவ பேர்கூடச் சரியாத் தெரியாது. அதனாலதான் அவன் சொல்றதை நம்ப முடியும்.

வரத்துக்கு முன்னாடி அவ எப்படித் தனியா இருந்தா? இதுல நீங்க ரெண்டு வேற வேற பிள்ளைங்களைக் குழப்பிட்டீங்க. கோய், டாட்ஜ், கோப்பொடெல்லின்னு மூணு பேர் 1982ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பசங்ககிட்ட ரெண்டு கேள்வி: யாரை ரொம்பப் பிடிக்கும், யாரைப் பிடிக்கவே பிடிக்காது. நிறையப் பேர் 'பிடிக்காது'ன்னு சொன்ன பிள்ளை ஒதுக்கப்பட்ட பிள்ளை. ரெண்டு கேள்விக்கும் பெரும்பாலும் யாரும் பேர் சொல்லாத பிள்ளை கண்ணுல படாத பிள்ளை. ரெண்டும் தனிமைதான், ஆனா வரம் பலிக்கிற விதம் வேற. ஒதுக்கப்பட்டவளுக்கு வரம் வந்தா நேத்துக் கிண்டல் பண்ணினவங்க இன்னைக்கு இளிக்கணும். அதை அவளால எப்படித் தாங்க முடியும்? கண்ணுல படாதவளுக்கு அந்தக் கோவம் கிடையாது, கூச்சம்தான். முதல் பக்கத்துலயே ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. உங்க ட்ராஃப்ட்ல ரெண்டாம் பக்கம் எல்லாரும் அவளைக் கேலி பண்றாங்க, நாலாம் பக்கம் ஒருத்தருக்கும் அவ பேர் தெரியல. எப்படிங்க?

இன்னொண்ணு, பிரபலமா இருக்குறதும் பிடிச்சவங்களா இருக்குறதும் ஒண்ணு இல்ல. 'யார் பாப்புலர்?'னு கேட்டா வர்ற பேரும், 'உனக்கு யாரைப் பிடிக்கும்?'னு கேட்டா வர்ற பேரும் நிறைய இடத்துல ஒத்துப் போகாதுன்னு 1998லயே ஆய்வு பண்ணிக் காட்டியிருக்காங்க. வாயால 'பிடிக்கணும்'னு கேட்டாலும் அவ மனசுல நினைக்கிறது முதல் லிஸ்ட், அவளுக்கு வேண்டியது ரெண்டாவது. அதை அவ வாயால சொல்ல வைக்காதீங்க, அவ்ளோதான்.

சரி, வரத்தோட விலை. அவ அழகு போச்சு, குரல் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. சலிச்சுப் போச்சு. விலை வரத்துக்குள்ளயே இருக்கு. ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர் 2018ல கணக்குப் போட்டாரு: சும்மா தெரிஞ்சவங்க சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல. பெரியவங்களையும் காலேஜ் பசங்களையும் வச்சுப் பண்ணினது, அதனால ஸ்கூலுக்கு அப்படியே ஒட்டாதீங்க, ஒரு உத்தேச அளவா வச்சுக்கங்க. அதுல முக்கியமான விஷயம், கட்டாயத்துக்கு ஒரே அறையில உக்காந்திருக்குற நேரம் அவ்வளவா உதவாது. சும்மா சேர்ந்து சுத்தறதும் அரட்டையும்தான் ஒட்ட வைக்கும். 40 பேர் நடுவுல தினமும் உக்காந்தும் அவ ஏன் தனியா இருக்கான்னு இப்பப் புரியுதா? அரை மணி இடைவேளையை மட்டும் வச்சா 200 மணி நேரம் சேர 400 நாள் ஸ்கூல் நடக்கணும். வரம் அந்த 400 நாளை ஒரே ராத்திரியில தாண்டிடுது. பாசம் வந்துடுச்சு, ஆனா நாள் நடக்கல. ஒரு பொண்ணு தோள்ல கை போட்டு "அன்னைக்கு ஒண்ணு நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?"ன்னு ஆரம்பிச்சு, எதைச் சொல்ல வந்தோம்னு தெரியாம நிக்கிறா. ரெண்டு பேருக்கும் ஞாபகப்படுத்திக்க ஒண்ணுமே இல்ல. இந்தக் காட்சியை ஒருத்தர்கூட எழுதல! எனக்கு ஆத்திரமே அதுலதான்.

ஆ, முன்னாடி விட்டுட்டேன். வரத்துக்கு முந்தின காட்சியில 'எல்லாரும் என்னையே பாத்துச் சிரிக்கிறாங்க'ன்னு அவ நினைக்கலாம், கதைசொல்லி நினைக்கக் கூடாது. 2000ல வந்த ஒரு ஆய்வுல, கூச்சப்பட வைக்கிற ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு ஒரு மாணவரை ஆள் இருக்குற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. 'பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்க'ன்னு டி-ஷர்ட் போட்டவங்க நினைச்சாங்க, கவனிச்சது ஏறக்குறைய கால்வாசி. அந்த இடைவெளியைக் காட்டுங்க.

கடைசியா, வரத்தை எப்படிக் கழட்டறது? ஒரே அடியா மறையக் கூடாது, அது கனவு முடிவோட தங்கச்சி. பதிவேட்டு வரிசைப்படி தினம் ஒருத்தரா கழலட்டும். இன்னைக்கு ரோல் நம்பர் 1, நாளைக்கு 2. நாளைக்கு யார் போகப் போறாங்கன்னு அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அவ தேதி வச்சு எண்ணுவா. 17ஆம் நம்பர் போறதுக்குள்ள அவகூட உண்மையிலேயே ஒரு மணி நேரம் சேர்க்க முடியுமான்னு பாப்பா. முடிஞ்சுதா இல்லையாங்கிறது உங்க இஷ்டம்.

இந்த வாரம் முழுக்கதை வேண்டாம். ஆப்சென்ட் பையன் திரும்பி வர்ற அந்த மூணாம் நாள் காலை மட்டும், 300 வார்த்தை. மேல முதல் வரியா வரத்தை எழுதுங்க, 'க்கு' இருக்கா இல்லையான்னு நான் முதல்ல அதைத்தான் பாப்பேன்.