கையெழுத்துப் போட்டது யார்?

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரியவர்களே, தவக்காலத்து மாலையில் வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் புளியந்தீவு மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம்.

கிறிஸ்தவம் தொட்ட இலக்கியங்களில் மனிதன் வீழ்வது சாத்தானின் சூழ்ச்சியாலா, மனிதனின் சம்மதத்தாலா என்பது தலைப்பு. சம்மதத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று பெயர்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்: யூதாஸ், யோபு, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் சாத்தான். "சாத்தான் யூதாசுக்குள் புகுந்தான் என்று லூக்காவே எழுதுகிறார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புகுந்தான், உண்மை. எந்த வழியாகப் புகுந்தான்? யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசுகிறாள். வீடெல்லாம் மணக்கிறது. இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் யூதாஸ். அவனுக்கு ஏழைகள் மேல் அக்கறை இல்லை, பணப்பை அவனிடம் இருந்தது, அதில் விழுந்ததை எடுத்துக்கொள்கிற திருடன் அவன் என்று யோவான் போட்டு உடைக்கிறார். பிறகு மத்தேயு 26ஐப் பாருங்கள். தலைமைக் குருக்களைத் தேடித் தானே நடந்துபோய், "எனக்கு என்ன தருவீர்கள்?" என்று விலை பேசியவனும் அவனே. முப்பது வெள்ளிக்காசு. பணப்பைக்குள் களவாகப் போய்வந்த அந்தக் கை, சாத்தானுக்குக் கதவை எப்போதோ திறந்து வைத்துவிட்டது.

விவிலியம் சொல்லும் நீதிமான் யோபுக்கு வருவோம். ஏழு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள், ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், எல்லாம் போயிற்று. உடம்பு முழுக்கப் புண். சாத்தானுக்குக் கை இல்லை என்று நான் வாதாடமாட்டேன். அவன் கை சொத்துவரை நீண்டது, பிள்ளைகள்வரை நீண்டது, தோல்வரை நீண்டது. ஆனால் அவன் பந்தயம் கட்டியது ஆட்டுக்கோ ஒட்டகத்துக்கோ இல்லையே! யோபின் வாய் கடவுளைச் சபிக்கும் என்றுதான் கடவுளிடமே கட்டினான். அந்த வாயை அவனால் அசைக்க முடிந்ததா? யோபு அழுதார், பிறந்த நாளைச் சபித்தார், கடவுளோடு வழக்காடினார். சாத்தான் கேட்ட சொல்லை மட்டும் சொல்லவில்லை. பந்தயத்தில் தோற்றவனை வல்லவன் என்று நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கேட்ட வாசகத்தையும் நினைத்துப் பாருங்கள். இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் சாத்தான் கொண்டுபோய் நிறுத்துகிறான். எவ்வளவு உயரம்! பக்கத்திலேயே நிற்கிறான். ஒரு தள்ளுத் தள்ளினால் முடிந்தது. தள்ளவில்லை. "தாழக் குதியும்" என்று கேட்கிறான். குதிக்க வேண்டியவர் அவர்தான் என்று அவனுக்குத் தெரியும்.

நடுவர் ஐயா, இனி இலக்கியத்துக்குள் போகிறேன். ஆன்மாவை விற்றவன் கதை ஐரோப்பாவில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதில் கிறிஸ்டோபர் மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். 1604இல் அச்சேறியது. படிப்பெல்லாம் படித்து முடித்த ஒரு பண்டிதன், இன்னும் வேண்டும் என்கிறான். மந்திரம் சொல்லிப் பேயை அழைக்கிறான். மெஃபிஸ்டோபிலிஸ் வந்து நிற்கிறது. "என் மந்திரம்தானே உன்னை இழுத்துவந்தது?" என்று பெருமையோடு கேட்கிறான். இல்லை என்கிறது பேய். ஒருவன் கடவுளின் பெயரைப் பழிக்கக் கேட்டால், அவன் ஆன்மா கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நாங்களாகவே ஓடிவருகிறோம் என்கிறது. பிறகு நரகத்தைப் பற்றிக் கேட்கிறான். இறைவன் திருமுகத்தைக் கண்டவன் நான், அதை இழந்து நிற்கும் இந்த இடமே எனக்கு நரகம். இந்தக் கேள்விகளை விட்டுவிடு, என் உயிர் நடுங்குகிறது என்று அந்தப் பேயே கெஞ்சுகிறது. ஃபாஸ்டஸ் என்ன செய்கிறான் தெரியுமா? என்னைப் பார்த்து ஆண்மையோடு இருக்கக் கற்றுக்கொள் என்று பேய்க்குத் தைரியம் சொல்கிறான்!

அடுத்து ஒப்பந்தம். இருபத்துநான்கு ஆண்டு சுகம், அதற்கு விலை ஆன்மா. கையைக் கீறி இரத்தத்தால் எழுதத் தொடங்குகிறான். பாதியில் இரத்தம் உறைந்துவிடுகிறது. அவன் உடம்பே மறுக்கிறது, சபையோரே! பேய் நெருப்புத் தணல் கொண்டுவந்து சூடுகாட்டி இரத்தத்தை இளக்குகிறது. எழுதி முடிக்கிறான். முடித்ததும் அவன் கையிலேயே "மனிதா, ஓடிப்போ" என்று லத்தீனில் எழுத்துத் தோன்றுகிறது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்கிறான். பேய் எச்சரித்தது, இரத்தம் எச்சரித்தது, தோல் எச்சரித்தது. எல்லாவற்றையும் தாண்டிக் கையெழுத்துப் போட்டது யார்? தணல் கொண்டுவந்தவனா, எழுதியவனா?

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் நம் மண்ணின் பெருமை. சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து 1926இல் மதங்க சூளாமணி என்ற நூலில் தமிழருக்கு விளக்கியவர் அவர். அந்தச் சேக்சுபியரின் மக்பெத் நாடகத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். சூனியக்காரிகள் மூவரும் சொன்னதைக் கேட்டு நின்றவர்கள் இருவர். மக்பெத்துக்கு அரச பதவி, பாங்கோவின் வாரிசுக்கு அரச பதவி. இருவர் காதிலும் ஆசைதான் ஊற்றப்பட்டது. இருளின் தூதர்கள் சிறு உண்மைகளைச் சொல்லி நம்மைக் கவிழ்ப்பார்கள் என்று பாங்கோ அந்த இடத்திலேயே எச்சரிக்கிறான். மக்பெத் வீட்டுக்குப் போய் அரசனைக் கொல்லக் கத்தியை எடுக்கிறான்.

மில்டன் 1667இல் வெளியிட்ட இழந்த சொர்க்கம் என்ற காவியத்தின் சாத்தான் கம்பீரமானவன், மறுக்கவில்லை. ஆனால் அதே கம்பீரன் நான்காம் காண்டத்தில் தவளையைப் போல ஏவாளின் காதருகே குந்தியிருந்து கனவு ஊதுகிறான். விழித்தெழுந்து பயந்தவளுக்கு ஆதாம் சொல்லும் ஆறுதல்தான் எங்கள் அணியின் முழு வாதமும்: தீமை மனதுக்குள் வந்து போகலாம், மனம் ஒப்பாவிட்டால் கறை படியாது. அதே ஆதாம் பிறகு ஏமாந்து பழத்தைத் தின்னவில்லை. தெரிந்தே, அவளைப் பிரிய மனமில்லாமல் தின்கிறான்.

தமிழிலும் இது உண்டு. கிருஷ்ணபிள்ளை 1894இல் தந்த இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்துக்கு மூலமான, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் கதையில், வழிப்போக்கன் இரண்டு சிங்கங்களைக் கண்டு நடுங்குகிறான். இரண்டும் சங்கிலியில் கட்டப்பட்டவை. நடுவழியே நடந்தால் தீண்டமாட்டா. சங்கிலி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மட்டக்களப்பை வெளியூரார் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாமும் பழியைப் போட ஆள் தேடுகிறோம். கசிப்புக் குடித்துவிட்டு வந்து மனைவியின் பல்லை உடைக்கிறான் ஒருவன். "என்ட பிள்ளை நல்லவன் கா, ஆரோ என்னவோ செஞ்சி போட்டாங்க" என்கிறாள் தாய். தேசிக்காய் வெட்டுகிறார்கள், நூல் கட்டுகிறார்கள். செபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சாத்தானை விரட்டுகிற வீடுகளும் உண்டு. வாயில் சீலையை அழுத்திக்கொண்டு குசினி மூலையில் இருக்கிற அந்தப் பெண்பிள்ளையிடம் "நான் செய்தது பிழை" என்று ஒருவரும் சொல்வதில்லை. சாத்தான் செய்தான் என்றால் மன்னிப்புக் கேட்க ஆளே இல்லாமல் போகிறதே, ஐயா! திருச்சபை நம்மை நெஞ்சில் தட்டி, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று சொல்லப் பழக்கியிருக்கிறது. பாஸ்கா இரவில் மெழுகுதிரியோடு நிற்கும்போது சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று குருவானவர் கேட்பது நம்மைத்தான். பிடித்திருப்பவன் அவன் என்றால், விடுகிறாயா என்று நம்மிடம் ஏன் கேட்கவேண்டும்?

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள். ஃபாஸ்டஸ் நாடகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு முதியவர் வந்து மனந்திரும்பச் சொல்லி மன்றாடுகிறார். இந்தக் கிழவனை வதைத்துப் போடு என்று ஃபாஸ்டஸ் பேயிடம் கேட்கிறான். அவருடைய விசுவாசம் பெரியது, உடலை வருத்துவேன், ஆன்மாவைத் தொட என்னால் முடியாது என்று மெஃபிஸ்டோபிலிஸ் தன் வாயாலேயே சொல்கிறது. அடுத்துப் பேசவரும் எதிரணித் தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். "வேண்டாம்" என்று கடைசிவரை நின்ற ஒருவனுடைய ஆன்மாவைச் சாத்தான் பறித்துக்கொண்டு போன காட்சி ஒன்றை, இந்த நூல்களில் எதிலிருந்தாவது எடுத்து நடுவர் ஐயாவிடம் காட்டட்டும்.

நன்றி, வணக்கம்.