மயக்கம் கொடுப்பதற்கு முன் குழந்தைக்கு சிரப் எதற்கு?

சரி, அடுத்த கேள்வி. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பையனுக்கு 4 வயது, ஏழெட்டுப் பல் சொத்தை. முழு மயக்கத்தில் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் குடிக்க ஒரு மருந்து தருவார்களாம். ரெட்டை மயக்கம் ஆகிவிடாதா? வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவரலாமா?"

ரெட்டை மயக்கமெல்லாம் இல்லை. அந்த சிரப் பயத்தைத் தணிப்பதற்கு, பெரும்பாலும் மிடசோலம். மயக்கம் அப்புறம் தியேட்டருக்குள் கொடுப்பது. அம்மா இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்கிற முன்பின் தெரியாத ஆட்களிடம் கொடுக்கிறோம் பாருங்கள், அந்த ரெண்டு நிமிடத்துக்காகத்தான் இது. வீறிட்டு அழுகிற குழந்தைக்கு எச்சிலும் சளியும் பெருகும், நாலு பேர் கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டிவரும், அதற்கப்புறம் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறும்.

அளவு எடையைப் பொறுத்தது, பொதுவாக கிலோவுக்கு அரை மில்லிகிராம், அதாவது 16 கிலோ பையனுக்கு 8 மில்லிகிராம். கசக்கும், அதனால் இனிப்பாக எதிலாவது கலந்து தருவோம். துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, அதனால் உடனே இன்னொரு டோஸ் ஊற்றுவதில்லை. 20, 30 நிமிடத்தில் கண் சொக்கும், பேச்சு குழறும், சும்மாவே சிரிப்பான். தூங்கிவிட மாட்டான், தூங்க வேண்டியதும் இல்லை. அந்த நேரத்தில் நடந்தது பல குழந்தைகளுக்கு ஞாபகமே இருக்காது, எனக்கு இந்த மருந்தில் பிடித்ததே அதுதான். ஆனால் சில பிள்ளைகள் நேர்மாறாக, அடங்காமல் கத்தி ரகளை செய்யும், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் கொடுக்கலாமா என்றால், கூடவே கூடாது. சில குழந்தைகளுக்கு மூச்சு மந்தமாகும், ஆக்சிஜன் குறையும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஆக்சிஜன், மிடசோலத்தின் வேலையை முறிக்கும் மருந்தான ஃப்ளூமசெனில், பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள், இவ்வளவும் இருக்கிற இடத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஆட்டோவில் வரும்போது மடியில் தலை தொங்கி மூச்சு அடைத்தால் யார் பார்ப்பது?

நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ராத்திரி குறட்டை விடுகிறானா, டான்சில் பெரிதா, சளி இருமல் உண்டா, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறானா. பல் வீக்கத்துக்கென்று எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவை மிடசோலத்தை உடம்பில் அதிக நேரம் தங்க வைக்கும்.

வெறும் வயிறு விஷயத்தில் மட்டும் பாட்டி பேச்சைக் கேட்காதீர்கள். "ஒரு வாய் பால்தானே" என்று கொடுத்துவிட்டு எங்களிடம் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து, மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். சாப்பாடு, மாட்டுப்பால் 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் மயக்க மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

சாயங்காலம் வரைக்கும் கால் தள்ளாடும், மாடிப்படி ஏற விடாதீர்கள். வீட்டுக்குப் போகும்போது பைக்கில் டேங்க் மேலே உட்காரவைத்துக் கூட்டிப்போகவே வேண்டாம், கார், ஆட்டோ எதுவானாலும் சரி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தலையைத் தாங்கிக்கொண்டு, மூச்சையும் கவனித்துக்கொண்டே போக வேண்டும்.