ஆள் குடியிருக்கும் வீட்டைக் காட்டும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு, எங்கள் பக்கம் வீடு கேட்டு வருகிற வெளியூர்க் கார்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வாங்கலும் விற்றலும் நடக்கட்டும், நல்லதுதான். தரகர் இல்லாமல் அது நடக்காது என்பதும் சரி. ஆனால் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள் அவர் எப்படி வருகிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்தக் கடற்கரையின் நாள் மற்ற ஊர் நாள் போல இருக்காது. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் காலையில் கரை ஏறுகிற மனிதருக்குப் பகல் பதினோரு மணிதான் நடுச்சாமம். அந்த நேரத்தில் கதவைத் தட்டி, "பார்ட்டி மதுரையில இருந்து வந்திருக்காங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறார்கள். படுத்திருப்பவர் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டியிருக்கிறது. தன் வீட்டிலேயே ஒரு மனிதரை இப்படி நிற்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கீழக்கரையில் இன்னொரு விதம். அங்கே பல குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பெற்றவர்கள் வீடு கொடுப்பது வழக்கம். பத்திரம் அவள் பெயரில் இருக்கும். ஆனால் தரகர் பேசுவது வளைகுடாவில் இருக்கிற கணவரிடம். அவர் போனில் சரி என்றதும், இங்கே வாசலில் நாலு ஆண்கள் வந்து நிற்கிறார்கள். உள்கட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்பது தரகருக்குத் தெரியாமல் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவளிடமே எப்போது வரலாம் என்று கேட்காமல் வருவது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் தண்ணீர். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, நல்ல தண்ணியா, உப்பா என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். உடனே தரகர் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைத்துக் காட்டி, பேச்சு சுவாரசியத்தில் அப்படியே விட்டுவிடுவார். அந்தத் தொட்டித் தண்ணீர் தெருக்குழாயில் வரிசை நின்று, தள்ளுவண்டியில் குடம் குடமாக வந்ததாக இருக்கும்; இல்லையென்றால் காசு கொடுத்து லாரியில் வாங்கியதாக இருக்கும். ருசி பார்க்க ஒரு டம்ளர் போதும். குடியிருப்பவரிடம் கேட்டால் மோந்து கொடுப்பார். தண்ணீர் எந்தக் கிழமை வரும், கோடையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதையும் அவர்தான் சரியாகச் சொல்வார். தரகர் சொல்வதைவிட அந்தத் தகவல்தான் வாங்குகிறவருக்கு உதவும்.

நாங்கள் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் விற்க நினைத்து ஒரு தரகரிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் திறந்து காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் கொல்லைக் கதவு திறந்தபடி, மின்விசிறி சுற்றியபடி, அடுப்படியில் செருப்புக் காலடி. ஒன்றும் திருடு போகவில்லை. ஆனாலும் என் அம்மா அன்று இரவு தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றித் தமிழ்நாட்டில் 2017-ல் ஒரு சட்டம் வந்தது; 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரே ஆனாலும், குடியிருக்கிற வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எதற்காக, எந்த நாள், எந்த நேரம் என்று அதில் இருக்க வேண்டும் என்கிறது அது. சொந்தக்காரருக்கே அப்படியென்றால், அவர் அனுப்புகிற தரகருக்கு அதைவிடக் கூடுதல் உரிமை எங்கிருந்து வரும்? ராமேஸ்வரம், கீழக்கரை போன்ற நகராட்சிப் பகுதிகளில் இதைத் தைரியமாக எடுத்துச் சொல்லலாம். இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது என்பதால், கிராமத்தில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே இதை ஒரு வரியாக எழுதிக்கொள்வது நல்லது. ரியல் எஸ்டேட் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிற 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அது பதிவு பெற வேண்டிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்கிறவர்களுக்கானது. நம் தெருவில் பழைய ஒற்றை வீட்டைக் காட்டுகிறவரை அதை வைத்துக் கேட்க முடியாது. அவரிடம் நாம்தான் பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? முதல் நாளே பேசிவிடுங்கள். வாரத்தில் எந்த இரண்டு நாள், எந்த நேரம் என்று நீங்களே சொல்லி, அதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு "நீங்க சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வராது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரம், ஆடி அமாவாசை, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நடக்கிற மாதம், வீட்டில் பிரசவமான பெண் இருக்கிற நாட்கள், இதெல்லாம் காட்ட முடியாத நேரம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சாவியைக் கொடுக்காதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் காட்டட்டும். சொல்லாமல் வந்து நின்றால் கோபப்பட வேண்டாம். "இப்போ முடியாதுங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க" என்று வாசலிலேயே நின்று சொல்லுங்கள். பார்ட்டி கைவிட்டுப் போய்விடும் என்று பயமுறுத்துவார். பல லட்சம் போட்டு வாங்க வந்தவர் ஐந்து மணி வரை ஒரு டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். காத்திருக்காதவர் வாங்கப்போவதும் இல்லை.

வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: ஏழெட்டுப் பேரிடம் சொல்லி வைக்காதீர்கள். ஒருவர், மிஞ்சினால் இருவர். கமிஷன் பேசும்போதே நேரத்தையும் பேசுங்கள். குடியிருப்பவர் மனம் நோகாமல் இருந்தால், வருகிறவரிடம் அவரே வீட்டைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார்.

கடைசியாகப் போட்டோ விஷயம். தரகர் செல்போனை எடுத்து ஒவ்வொரு அறையாக வீடியோ எடுப்பார். அதில் பீரோ, சாமி படம், கொடியில் காயும் துணி, ஓரமாக நிற்கிற பெண்பிள்ளை எல்லாம் விழும். சாயங்காலம் பார்த்தால் அது ஊர் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடும். படம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கட்டும். ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சுவரையும் தரையையும் எடுக்க விடுங்கள். கேட்காமல் எடுத்துவிட்டால், அவர் வாசல் தாண்டுவதற்கு முன் உங்கள் கண் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். அழித்த படங்கள் போய்ச் சேர்கிற பெட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.